பிந்தி வரும் அலை

சென்னை நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு மதராஸ் வானாய்வகம் இருந்தது. அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1820, 1821 வாக்கில் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பீரங்கி செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், இன்னொன்று பரங்கிமலையில். வெடிக்கும் கணத்திலேயே வெளிச்சம் தெரிந்துவிடும். சத்தம் பிறகுதான் வரும். நடுவில் எத்தனை நொடி என்று அவரும் உதவியாளர்களும் குறித்துக்கொண்டார்கள். பரங்கிமலை வானாய்வகத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். அங்கே வெடித்த சத்தம் நுங்கம்பாக்கம் வந்து சேரச் சுமார் 26 நொடி ஆகும். தூரத்தை நொடியால் வகுத்தால் ஒலியின் வேகம் கிடைத்துவிடும்.

ஒருநாள் அளந்து பார்த்ததோடு அவர் நிறுத்தவில்லை. மாதம் மாதமாக அளந்தார். அன்றைய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றடிக்கும் திசை எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதினார். 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. வெயில் காலத்து மதராசில் ஒலி கொஞ்சம் விரைந்து போகிறது, மார்கழி தை மாதங்களில் கொஞ்சம் தளர்ந்து போகிறது என்பது அந்த அட்டவணையில் தெளிவாகத் தெரியும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு 60 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும் என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதை வெறும் கண்ணும் காதும் கடிகாரமும் வைத்து நம்மூர் வெயிலில் பிடித்துக்காட்டியிருக்கிறார்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு ஒலியைப் பற்றிச் சொல்லித்தரும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கதையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் அலை என்ற பாடம் எனக்கு ஒரு சூத்திரமாகத்தான் வந்தது: அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் வேகம். சரியான சூத்திரம்தான். ஆனால் அலைகளின் அழகு ஒற்றை அலையில் இல்லை, இரண்டு அலைகள் சேர்ந்து புறப்படும் இடத்தில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஒரே இடத்தில் ஒரே கணத்தில் கிளம்பிய இரண்டில் ஒன்று முந்தி வருகிறது, மற்றது பிந்தி வருகிறது. அந்தத் தாமதத்தை ஒழுங்காக அளந்தால், நாம் போகவே முடியாத இடங்களைப் பற்றிய செய்தி அதற்குள் இருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அந்தத் தாமதத்தைப் பற்றித்தான்.

முதலில் அலை என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. கோயிலில் தரிசன வரிசை நெருக்கியடித்து நிற்கிறது என்று வையுங்கள். கடைசியில் நிற்பவர் முன்னால் இருப்பவரைத் தள்ளுகிறார். அவர் அடுத்தவர் மேல் சாய்ந்து, பிறகு நிமிர்ந்துகொள்கிறார். தள்ளு முன்வரிசைவரை போய்ச் சேர்கிறது; ஆட்கள் எல்லாரும் அவரவர் இடத்திலேயே இருக்கிறார்கள். தள்ளிய திசையிலேயே தள்ளு போவதால் இது நெட்டலை. ஒலி இந்த வகை. இப்போது அதே வரிசையில் எல்லாரும் கையை இறுகக் கோத்துக்கொண்டு நிற்க, கடைசி ஆள் பக்கவாட்டில் அசைகிறார். அவர் கை இழுப்பதால் அடுத்தவரும் அசைவார், அவருக்கு அடுத்தவரும் அசைவார். அசைவு பக்கவாட்டில், செய்தி போவது நேராக. இது குறுக்கலை. இரண்டாவது நடக்க வேண்டுமானால் கை கோத்திருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திடப்பொருளில் அணுக்கள் கை கோத்து நிற்கின்றன. திரவத்திலும் வாயுவிலும் அப்படி இல்லை. தள்ளினால் தள்ளு போகும். பக்கவாட்டில் இழுத்தால் ஒன்றை விட்டு ஒன்று வழுக்கிப் போய்விடும்.

அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஊடகம்தான். கத்தினாலும் கிசுகிசுத்தாலும் சத்தம் போகும் வேகம் ஒன்றே. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், தண்ணீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர், கருங்கல்லில் ஐயாயிரம் ஆறாயிரம் மீட்டர். அடர்த்தி கூடுவதால்தான் வேகம் கூடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அடர்த்தி அலையைத் தளர்த்தத்தான் செய்கிறது. விரைவுபடுத்துவது விறைப்பு, அதாவது அமுக்கினால் எவ்வளவு முறைத்துக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பது. ஈயம் அலுமினியத்தைவிட நாலு மடங்கு அடர்த்தியானது; ஆனாலும் மென்மையான உலோகம் என்பதால் அதில் ஒலி அலுமினியத்தில் போவதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் போகிறது. கருங்கல் காற்றைவிட எத்தனையோ மடங்கு கனம், விறைப்போ அதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் பாறைக்குள் அலை பறக்கிறது.

ஒளிக்கு ஊடகமே வேண்டாம். மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு வெற்றிடத்திலும் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகின்றன. இந்த வேகத்துக்கு ஓர் அளவு உண்டு என்பதே ஒரு தாமதத்தில்தான் தெரிய வந்தது. 1676இல் பாரிஸ் வானாய்வகத்தில் இருந்த ஓலே ரோமர் என்ற டென்மார்க்காரர், வியாழனின் துணைக்கோளான அயோ நிழலுக்குள் மறைந்து வெளிப்படும் நேரங்களைப் பார்த்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் அந்த நேரங்கள் தள்ளிக்கொண்டே போயின. அயோ தாமதிக்கவில்லை, அதன் வெளிச்சம் கூடுதல் தூரம் நடந்து வருகிறது என்றார் ரோமர். பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்று அவர் கணக்குப் போட்டார்; சரியான விடை 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலத்துக் கடிகாரங்களை வைத்துப் பார்த்தால் இது பெரிய சாதனை.

கோல்டிங்ஹாம் வெளிச்சத்தை உடனடியாக வந்ததாக எடுத்துக்கொண்டது இதனால்தான். ஒன்பது கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு போதும்.

இனி பாறைக்குள் போவோம். மனிதன் தோண்டியதிலேயே மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1989இல் அது எட்டிய ஆழம் 12,262 மீட்டர். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் கீழே. ஐநூறில் ஒரு பங்குகூட நாம் இறங்கவில்லை. ஆனாலும் மேலோடு, கவசம், வெளிக்கருவம், உட்கருவம் என்று பள்ளிப் புத்தகத்தில் வண்ணப்படம் போடுகிறோம். யார் போய்ப் பார்த்தது? யாரும் போகவில்லை. அலைகள் போய்விட்டு வந்தன.

1897 ஜூன் 12 மாலை அசாமில் பெரும் நிலநடுக்கம். ஷில்லாங் நகரம் தரைமட்டமானது. அதை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். 1899இல் அவர் எழுதிய அறிக்கை இடிந்த கட்டடங்களையும் பிளந்த நிலத்தையும் பற்றியது மட்டுமல்ல. ஐரோப்பாவில் இருந்த கருவிகள் அந்த அதிர்வைப் பதிவு செய்திருந்தன. அந்தக் கோடுகளில் மூன்று தனித்தனிக் கட்டங்களை அவர் பிரித்துப் பார்த்தார். முதலில் ஒரு சின்ன நடுக்கம், கொஞ்சம் கழித்து இன்னொன்று, கடைசியில் நீண்டு ஆடும் பெரிய அலை. முதலாவது பாறையைத் தள்ளிக்கொண்டு வரும் நெட்டலை. இன்று பி அலை என்கிறோம். இரண்டாவது பக்கவாட்டில் உலுக்கும் குறுக்கலை, எஸ் அலை. மூன்றாவது பூமியின் மேற்பரப்பை ஒட்டி வருவது. ஒரே அதிர்ச்சியில் பிறந்த மூன்றும் வெவ்வேறு வேகத்தில் வந்திருந்தன.

மேலோட்டில் பி அலை நொடிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் போனால் எஸ் அலை மூன்றரை கிலோமீட்டர்தான் போகும். பக்கத்தில் நடந்த நிலநடுக்கம் என்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்குங்கள். அத்தனை கிலோமீட்டர் தொலைவில் நடந்திருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பத்து நொடி இடைவெளி என்றால் எண்பது கிலோமீட்டர். மூன்று நிலையங்கள் இப்படித் தூரம் சொல்லி, வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால் அவை சந்திக்கும் இடம்தான் நிலநடுக்கம் நடந்த இடம். பரங்கிமலைக் கணக்கேதான். அங்கே வெளிச்சமும் சத்தமும், இங்கே தள்ளும் அலையும் உலுக்கும் அலையும்.

ஓல்டாம் இத்தோடு விடவில்லை. இந்தியாவிலிருந்து ஓய்வு பெற்று பிரிட்டனுக்குத் திரும்பிய பிறகு, உலகின் பல நிலையங்களில் பதிவான நேரங்களைத் தூரத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தார். ஓரளவு தூரம்வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. பூமியின் மறுபக்கத்தை நெருங்கும் நிலையங்களில் மட்டும் அலைகள் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை, வெகுவாகப் பிந்தின. வழியில் எங்கோ அவை மெதுவாகப் போயிருக்கின்றன. அப்படியானால் நடுவில் வேறு பொருள் இருக்க வேண்டும். 1906இல் பூமிக்கு ஒரு கருவம் உண்டு என்று எழுதினார். அதன் அளவைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டார். சில ஆண்டுகளில் பெனோ குட்டன்பெர்க் அதன் எல்லை சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார். அந்த எண் இன்றுவரை ஏறக்குறைய மாறவில்லை. கருவத்துக்குள் எஸ் அலை நுழைவதே இல்லை என்பதும் தெரிய வந்தது. கை கோக்காத இடத்தில் பக்கவாட்டு இழுப்பு போகாது. அலைப்பதிவுகளும் பூமியின் ஓதமும் சேர்த்துப் பார்த்து, கருவம் திரவம் என்று 1926இல் ஹரோல்ட் ஜெஃப்ரீஸ் நிறுவினார்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் பகுதி. திரவக் கருவத்தில் பி அலை மெதுவாகப் போவதால், உள்ளே நுழையும்போது அது வளைகிறது. தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைவதும் இதே காரணத்தால்தான். வேகம் மாறினால் திசை மாறும். ஒளிவிலகல் என்று படித்திருப்பீர்கள். இந்த வளைவால், நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து கோணக் கணக்கில் ஏறக்குறைய 103 டிகிரியிலிருந்து 142 டிகிரிவரை பி அலை நேரடியாக வராத ஒரு நிழல் பட்டை பூமியைச் சுற்றி விழும். 1929 ஜூனில் நியூசிலாந்தின் மர்ச்சிசன் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, அந்த நிழலுக்குள் இருந்த நிலையங்களிலும் சின்னச் சின்ன பி அலைகள் பதிவாயின. வரக்கூடாத இடத்தில் வந்த அலை.

எளிய விளக்கம் ஒன்று கைவசம் இருந்தது. அலை ஒரு தடையின் விளிம்பில் பட்டால் ஓரளவு வளைந்து நிழலுக்குள் கசியும். விளிம்பு விளைவு என்பார்கள். அடுத்த அறையில் பேசுவது வாசல் வழியாகக் கேட்கிறது, பேசுபவர் தெரிவதில்லை. குரலின் அலைநீளம் ஒரு மீட்டர் அளவில், வாசலின் அகலத்துக்கு இணையாக இருக்கிறது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கருவத்தின் விளிம்பிலும் இப்படிக் கசிந்திருக்கும் என்று ஒதுக்கிவிடலாம். டென்மார்க்கின் நில அளவை நிறுவனத்தில் நிலநடுக்கவியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த இங்கே லேமன் ஒதுக்கவில்லை. கசிவு என்று சொல்ல முடியாத அளவுக்கு அந்த அலைகள் தெளிவாக இருந்தன. கணினி இல்லாத காலம். ஓட்ஸ் பெட்டி அட்டைகளில் நிலையம் வாரியாக நேரங்களை எழுதி வைத்துக்கொண்டு, தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து அவர் வேலை செய்ததை உறவினர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் வந்த முடிவு இது: திரவக் கருவத்துக்குள்ளே, அலை இன்னும் வேகமாகப் போகும் இன்னொரு கருவம் இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பிய அலைகள்தான் நிழலுக்குள் வந்து விழுகின்றன.

1936இல் வெளியான அந்தக் கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு பி என்ற எழுத்தும் அதன் மேல் ஒரு கோடும் மட்டும்தான். அதைவிடச் சின்னத் தலைப்பில் அதைவிடப் பெரிய செய்தி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. முதல் கருவத்தைச் சொன்ன ஓல்டாம் அதே ஆண்டு ஜூலையில் காலமானார். லேமன் 1993வரை, 104 வயதுவரை வாழ்ந்தார். உட்கருவத்தின் ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர் என்பதும், அது திடமானது என்பதும் பிறகு உறுதியாயின. பெரிய நிலநடுக்கங்களுக்குப் பின் பூமி முழுவதும் மணி போல ஒலித்துக்கொண்டிருக்கும் மெல்லிய அதிர்வுகள் அதற்குச் சாட்சி சொல்லின.

அப்படிப் பூமியை ஒலிக்கவைத்த ஒரு காலை நம் எல்லாருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிடம். சுமத்ராவின் மேற்கே கடலடியில் தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான்வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அளவு 9.1. அந்த ஒரே நிகழ்விலிருந்து எத்தனை அலைகள் எத்தனை வேகத்தில் புறப்பட்டன என்று பாருங்கள். பாறை வழியே வந்த பி அலை இரண்டாயிரம் கிலோமீட்டரைக் கடந்து நாலு நிமிடத்துக்குச் சற்று மேல் சென்னையை அடைந்திருக்கும். எஸ் அலை எட்டு நிமிடத்துக்குள். அன்று காலை சென்னையில் பலர் வீடு ஆடியதை உணர்ந்தார்கள். கடல்நீருக்குள் ஒலியாகப் போன அலையை, ஏறக்குறைய அரைமணி நேரத்தில், டியகோ கார்சியா தீவருகே நீருக்குள் இருந்த ஒலிவாங்கிகள் பதிவு செய்தன. எல்லாவற்றுக்கும் பிந்தி வந்தது சுனாமி. சென்னைக் கரையை அது தொட்டபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது.

சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 200 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர். முன்பகுதி கரையருகே தளர்ந்துபோக, பின்பகுதி ஆழத்திலிருந்து விரைந்து வந்து அதன் மேல் ஏறுகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்த ஆற்றல் சில கிலோமீட்டருக்குள் ஒடுங்கி மேலே எழுகிறது. அன்று நடுக்கடலுக்கு மேலே சென்ற ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த உயரம் அறுபது சென்டிமீட்டர் அளவுதான். ஆழ்கடலில் படகில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. சுமத்ராவின் தண்ணீர் நாகப்பட்டினத்துக்கு வந்துவிடவுமில்லை. வந்தது ஆற்றல் மட்டும். கரையில் நின்ற நம் கடலின் தண்ணீர்தான் ஊருக்குள் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பாறை சொன்ன செய்திக்கும் கடல் வந்ததற்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. பசிபிக்கிலிருந்த மையம் கால்மணி நேரத்தில் போட்ட முதல் மதிப்பீடு 8.0. இதற்கும் அலைதான் காரணம். அத்தனை பெரிய பிளவின் முழு அளவு சில நொடிகளில் ஒருமுறை ஆடும் வேகமான அலைகளில் தெரியாது. பல நூறு நொடிக்கு ஒருமுறை ஆடும் நீண்ட அலைகளில்தான் தெரியும். அவற்றை முழுதாகப் பெற்று அலசி 9 என்ற எண்ணைச் சொல்ல நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்று அந்த நீண்ட அலைகளைப் படிக்கும் முறைகள் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. 2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடியில் வைத்த அழுத்தக் கருவிகள், அலை கடக்கும்போது மேலே நிற்கும் நீரின் எடை மாறுவதை உணர்ந்து செயற்கைக்கோள் வழியே சொல்லிவிடுகின்றன. பாறையலையும் ஒளியின் குடும்பத்தைச் சேர்ந்த வானொலி அலையும் சேர்ந்து, மெதுவாக வரும் கடலை முந்திக்கொள்கின்றன. அதே 2007 அக்டோபரில் ஜப்பான் பொதுமக்களுக்குத் தொடங்கிய நிலநடுக்க எச்சரிக்கையும் இதே கணக்கில் ஓடுகிறது. பி அலையைப் பிடித்த கணத்தில் செய்தி ஒளி வேகத்தில் பறக்கிறது. உலுக்கும் எஸ் அலை வருமுன் சில நொடிகள், சில இடங்களில் சில பத்து நொடிகள் கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும், அதைப் பார்த்து ஓடிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம் கரையில் பரவலாக இருக்கிறது. 2004இல் தாய்லாந்துப் பக்கம் முதலில் போனது அலையின் பள்ளம். அங்கே கடல் உள்வாங்கியது. மேற்கே இந்தியாவையும் இலங்கையையும் நோக்கி முதலில் வந்தது முகடு. கடலடி எந்தப் பக்கம் உயர்ந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால் கடல் உள்வாங்கவில்லையே என்று கரையில் காத்திருப்பது ஆபத்து.

கருவிகளுக்கு நேரம் கிடைக்காத இடங்களும் உண்டு. சுமத்ராவை ஒட்டிய சிமிலுவே தீவு பிளவுக்கு மிக அருகில் இருந்தது. பத்து நிமிட அளவில் அலை அங்கே வந்துவிட்டது. எந்த மையமும் அதற்குள் எச்சரித்திருக்க முடியாது. ஆனால் 1907இல் அதே தீவை ஒரு சுனாமி அழித்திருந்தது. தரை பலமாக, நெடுநேரம் ஆடினால் மேட்டுக்கு ஓடு என்று அன்றுமுதல் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். வரப்போகும் அலைக்கு அங்கே ‘ஸ்மோங்’ என்று ஒரு பெயரும் இருந்தது. டிசம்பர் 26 காலை தரை ஆடியதும், யாரோ அந்தப் பெயரைக் கத்த, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் குன்றுகளில் ஏறினார்கள். சுனாமியில் இறந்தவர்கள் ஏழு பேர்.